ஜெமீலா ரீச்சரின் முகம்

“ஏழெட்டு எவ்வளவு?” என்று டிலானி கேட்டாள்.

யன்னலோர வாங்கில் இருந்த பையன் எழும்பி நின்று, “ஐம்பத்தாறு ரீச்சர்” என்றான். விடை சரி. “சரி, கெட்டிக்காரன்” என்று டிலானி சொல்லி முடிப்பதற்குள் அவன் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தான். அவன் மட்டுமா? வகுப்பிலிருந்த முப்பது சொச்சம் தலைகளும் அவனோடு சேர்ந்து பின்னால் திரும்பின. டிலானி சொன்ன ‘கெட்டிக்காரன்’ யார் காதிலும் விழவில்லை.

அடுத்த கேள்வி, அடுத்த விடை. மறுபடியும் அத்தனை தலைகளும் பின்னால்.

வெளியே கச்சான் காற்று. வயலெல்லாம் காய்ந்து கிடக்கிற மாதங்களில் மேற்கேயிருந்து வந்து முகத்தைப் பொரிக்குமே, அந்தக் காற்று. கொளுக்கி போன யன்னல் கதவொன்று படார் படார் என்று அடித்துக்கொண்டேயிருந்தது. எழும்பிப் போய் அதை ஒரு கயிற்றால் கட்டிவிடலாமா என்று எனக்குக் கை பரபரத்தது. ஆனால் எழும்பக்கூடாது. நான் வந்திருப்பது பார்ப்பதற்கு. பார்க்க வந்தவள் யன்னல் கட்டிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் என்னைப் பார்ப்பார்கள்.

கரும்பலகைக்கு முன்னால் டிலானி வெண்கட்டியை விரல்களுக்குள் உருட்டிக்கொண்டு நின்றாள். முப்பது முதுகுகளுக்குப் படிப்பிப்பது எப்படியென்று எந்தக் கல்லூரியிலும் சொல்லிக்கொடுப்பதில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

வழிகாட்டிக்கு வழிகாட்டி

இந்தத் தொடரை நடுவில் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் ஆசிரியர்களுக்குப் படிப்பிக்கிறவள். ஆசிரியர் தொழிலுக்குப் படிக்கிற பிள்ளைகள் கடைசி வருடத்தில் பாடசாலைகளுக்குப் போய், உண்மையான வகுப்பில் நின்று வேலை பழகவேண்டும். அப்படிப் போகிற ஒவ்வொருவரையும் அந்தப் பாடசாலையிலேயே நெடுங்காலம் படிப்பித்த ஒருவரிடம் ஒப்படைப்போம். அவருக்கு வழிகாட்டி ஆசிரியர் என்று பெயர். அந்த வழிகாட்டிகளுக்கு வழிகாட்டுவது என் வேலை. சொல்லும்போதே தலை சுற்றுகிறதா? எனக்கும்தான்.

டிலானி தேற்றாத்தீவுப் பிள்ளை. மெல்லிய குரல், சுறுசுறுப்பான கை. கல்லூரியில் அட்டைகளையும் சிரட்டைகளையும் வைத்து அவள் செய்த கற்பித்தல் சாதனங்களை மற்றவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். பயிற்சிக்கு அவளுக்குக் கிடைத்தது ஓட்டமாவடிப் பக்கத்தில் ஒரு பாடசாலையின் நாலாம் தர வகுப்பு. தினமும் ஊரிலிருந்து போய்வர முடியாதென்று கிரானில் சின்னம்மா வீட்டில் தங்கியிருந்தாள்.

அவளுக்கு வழிகாட்டி, ஜெமீலா ரீச்சர்.

ஜெமீலா ரீச்சரைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில் இல்லை. அவரிடம் நாலாம் தரமும் ஐந்தாம் தரமும் படித்த பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சையில் கோட்டை விடுவது குறைவு. பிள்ளை பிறந்து நடக்கத் தொடங்கும்போதே “ஜெமீலா ரீச்சர்ட வகுப்புல போடணும்” என்று தாய்மார் பேசிக்கொள்வார்களாம். அப்படிப்பட்டவரின் வகுப்பைத்தான் ஒரு பயிலுநரிடம் கொடுத்திருந்தோம். பெற்றோர் பாடசாலை வாசலில் நின்று முணுமுணுத்தார்கள். “நீங்க இரிந்துக்கிட்டு அந்தப் புள்ளையப் படிப்பிக்க உடுறீங்களாமே ரீச்சர்” என்று ஒருவர் நேரடியாகவே கேட்டிருக்கிறார். அதற்கு ஜெமீலா ரீச்சர், “நானும் ஒரு நாளைக்குப் புதுசாத்தான் வந்தன்” என்று பதில் சொல்லி அனுப்பினாராம்.

அவ்வளவு நல்ல மனுசி. டிலானிக்கு இடைவேளையில் ரொட்டியும் கட்டச்சம்பலும் கொண்டுவந்து தருவார். வாய் நிறைய “மகள், மகள்” என்றுதான் கூப்பிடுவார்.

ஆனாலும் ஏதோ பிசகியிருந்தது. எனக்கு முன்பாகவே மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து அந்த வகுப்பைப் பார்த்துவிட்டு, மாணவர் ஆசிரியரைக் கவனிக்கவில்லை, திருப்தியில்லை என்று முடிவு சொல்லிவிட்டுப் போயிருந்தார். இன்னொரு தரம் அப்படி வந்தால் டிலானி பயிற்சியை அடுத்த வருடம் முதலிலிருந்து செய்யவேண்டும். அவளோடு படித்தவர்கள் நியமனம் பெற்றுப் போய்விடுவார்கள்.

கடைசி வாங்கு, மூடிய வாய், மடியில் கை

வழிகாட்டிகளுக்கான செயலமர்வைக் கல்லடியில் ஒரு மண்டபத்தில் நடத்துவோம். கடற்காற்றில் தாளெல்லாம் பறக்கும். பத்து மணிக்குத் தேநீரும் பணிசும் வரும். வந்திருப்பவர்கள் எல்லாரும் பழுத்த ஆசிரியர்கள். அவர்களுக்கு நான் கற்பித்தல் பற்றி என்ன சொல்லிவிட முடியும்? அவர்களுக்குத் தெரியாத ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. வகுப்பறையில் சும்மா இருப்பது.

அதைப் பழக்குவதற்கு ஒரு சின்ன நாடகம் போடுவேன். ஒருவர் பயிலுநராக நடித்துப் பலகையில் வேண்டுமென்றே ஒரு பிழையான விடையை எழுதுவார். மற்றவர்கள் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு நிமிடம் தாங்கமாட்டார்கள். ஒருவர் செருமுவார். ஒருவர் நெளிவார். கிரான் பக்கமிருந்து வந்த ஒரு வாத்தியார் சேர் எழும்பி ஓடிப்போய் நடித்துக்கொண்டிருந்தவரின் கையிலிருந்த வெண்கட்டியைப் பறித்தே விட்டார்.

“இது நாடகம் சேர்!” என்றேன்.

“நாடகம் எண்டாலும் பிழை பிழைதானே மெடம். எப்பிடிப் பாத்துக்கொண்டு இரிக்கிற?”

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். மனதுக்குள் அவரோடு ஒத்துப்போனேன் என்பதையும் சொல்ல வேண்டும். சும்மா இருக்கச் சொல்லிக்கொடுக்கிற நான், ஒரு இடத்தில் இருந்து தேநீர் குடித்ததில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மண்டபத்தை அளந்துகொண்டிருப்பேன். “ஒரு இடத்தில இரிகா, பாக்கிற எனக்கு மூச்சு வாங்குது” என்று வீட்டில் இவர் சொல்லாத நாளில்லை.

எங்களுக்கு மேலிடத்திலிருந்து ஒரு கைந்நூல் வந்திருந்தது. வழிகாட்டி ஆசிரியர் வகுப்பின் பின்புறம் அமர்ந்து இடையூறின்றி அவதானிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. நாங்கள் அதைச் சுருக்கி ஒரு வாய்ப்பாடாக்கினோம். கடைசி வாங்கு, மூடிய வாய், மடியில் கை.

அந்த நாடகத்தில் கடைசிவரை அசையாமல் இருந்தவர் ஜெமீலா ரீச்சர் ஒருவர்தான். கையிரண்டும் மடியில். வாய் மூடியபடி. எல்லாரும் கை தட்டினார்கள். “இப்படித்தான் இருக்கவேண்டும்” என்று நான் அவரைக் காட்டிச் சொன்னேன். அவர் வெட்கப்பட்டுத் தலையிலிருந்த முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

டிலானியின் அழைப்பு

தலைகள் திரும்பிய அந்த நாளுக்கு அடுத்த நாள், பின்னேரம், டிலானி எனக்குத் தொலைபேசியில் கதைத்தாள். நான் அப்போது கல்லடிப் பாலத்தடியில் இறால் வாங்கிக்கொண்டு நின்றேன்.

“மெடம், நான் விட்டுப்போட்டு வீட்ட போகப்போறன்.”

“என்ன புள்ள சொல்றாய்?”

“என்ர வாயில இருந்து வாற ஒண்டையும் புள்ளையள் நம்புறாங்க இல்ல மெடம். நான் சரியெண்டு சொன்னா அது சரியில்ல. பிழையெண்டு சொன்னா அது பிழையில்ல. நான் அங்க நிக்கிறதும் ஒண்டுதான், நிக்காததும் ஒண்டுதான்.”

“ஜெமீலா ரீச்சர் ஏதும் சொன்னாவா?”

“அவ பாவம் மெடம். அவ ஒரு சொல்லுச் சொல்றல்ல. நான்தான் இதுக்குச் சரிவராத ஆள். எனக்கு விளங்கிற்று.”

அடுத்த மதிப்பீடு வருவதற்கு முன்னமே போய்விட்டால் வெட்கக்கேடு இல்லை என்றும் சொன்னாள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லையாம். மகள் ரீச்சராகி வரப்போகிறாள் என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாவாம்.

மதிப்பீடு வரைக்கும் பொறுத்துக்கொள் என்று கெஞ்சினேன். சரி என்றாள், எனக்காக. இறாலை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். விறாந்தைக்கும் கிணற்றடிக்கும் இடையில் எத்தனை தரம் நடந்தேனோ. இவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் ஏச்சு விழும் என்று தெரியும்.

பார்க்க ஒரு முகம் இல்லாத நாட்கள்

நடந்துகொண்டிருக்கும்போது என் முதல் வகுப்பு ஞாபகத்துக்கு வந்தது. சண்டைக்காலம். நான் தொண்டர் ஆசிரியர், இருபது வயதுகூட ஆகியிருக்குமோ என்னவோ. கிடுகால் மேய்ந்த கொட்டில். பாடசாலை அதிபர் ஒரு பெட்டி வெண்கட்டியைக் கையில் தந்து, அந்தக் கொட்டிலைக் காட்டி, “போங்க தங்கச்சி” என்றார். அவ்வளவுதான் என் பயிற்சி.

நன்றாகப் படிப்பித்தேன் என்று பெருமையடிக்க வரவில்லை. படுமோசம். பூமி சுற்றுவதைப் பற்றிச் சொல்லப்போய் எனக்கே தலை சுற்றி, பாட்டுப் பாடச் சொல்லிவிட்டு உட்கார்ந்த நாளும் உண்டு. ஆனால் அந்தக் கொட்டிலில் பெரியவர் என்று என்னைத் தவிர யாரும் இல்லை. பிள்ளைகள் பார்ப்பதற்கு என் முகம் ஒன்றுதான் இருந்தது. பாட்டு முடிந்ததும் அடுத்து என்ன என்று அவர்கள் என்னைத்தான் பார்த்தார்கள்.

டிலானிக்கு எல்லாம் இருந்தது. நல்ல கட்டடம், நல்ல படிப்பு, நல்ல வழிகாட்டி. அந்தப் பார்வை மட்டும் கிடைக்கவில்லை. அது எங்கே போகிறது என்று கண்டுபிடிக்காவிட்டால் எனக்கு நித்திரை வராது போலிருந்தது.

யன்னலுக்கு இந்தப் பக்கம்

அடுத்த கிழமை மறுபடியும் புறப்பட்டேன். ஏறாவூர் தாண்டியதும் வெயில் ஏறிவிட்டது. கிரான் சந்திக்குக் கொஞ்சம் அப்பால் மாட்டுப்பட்டியொன்று தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. மேய்ச்சலுக்குப் போகிற மாடுகளுக்கு மதிப்பீடும் தெரியாது, மெடமும் தெரியாது. ஸ்கூட்டியின் கோண் சத்தத்தை எழுப்பி எழுப்பிக் களைத்து, பாடசாலைக்குப் போய்ச்சேரும்போது பாடம் தொடங்கியிருந்தது.

பாதிப் பாடத்தில் உள்ளே நுழைவது மரியாதையில்லை. அதனால் நேராகக் கடைசி வாங்குக்குப் போகாமல், முன்பக்கத்து யன்னலோரமாக நின்றேன். அங்கிருந்து பார்த்தால் கடைசி வாங்கில் இருக்கும் ஜெமீலா ரீச்சரின் முகம் நேரே தெரியும். போன தடவை நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். பக்கத்தில் இருப்பவரின் முகம் யாருக்குத் தெரியும்?

ஒரு பிள்ளை விடை சொன்னாள். சரியான விடை. ஜெமீலா ரீச்சரின் இமைகள் மெதுவாக மூடித் திறந்தன. நாடி ஒரு சொட்டுத் தாழ்ந்தது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள், சிரித்தார்கள், முன்னால் திரும்பினார்கள்.

இன்னொருவன் பிழையாகச் சொன்னான். ரீச்சரின் உதடுகள் ஒரு பக்கமாக இழுபட்டன. திரும்பிப் பார்த்த பிள்ளைகள் “ஊஹூம்” என்றார்கள். டிலானி “பிழை” என்று சொன்னபோது அது பழைய செய்தி.

கை மடியில்தான் இருந்தது. வாய் மூடித்தான் இருந்தது. முகத்தை என்ன செய்வதென்று நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை.

அதைவிடப் பெரிய விசயத்தைக் கொஞ்சம் பிந்தித்தான் கண்டேன். டிலானி பலகையில் ஒரு கணக்கை எழுதி முடித்துவிட்டுக் கிறுகித் திரும்பினாள். பிள்ளைகளைப் பார்க்கவில்லை. அவர்களின் தலைகளுக்கு மேலால் கடைசி வாங்கைப் பார்த்தாள். இமை மூடித் திறக்கும் வரைக்கும் காத்திருந்தாள். பிறகுதான் “விளங்கிற்றா?” என்று கேட்டாள்.

அவளே பார்த்தால் பிள்ளைகள் பார்க்காமல் என்ன செய்வார்கள்?

சஹ்ரா நடித்துக் காட்டியது

இடைவேளையில் ஜெமீலா ரீச்சரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் மகிழமரத்தைச் சுற்றி நடந்தேன். கடைசியில், சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டேன். அவர் முகம் கறுத்தது.

“நான் வாயத் தொறக்கவே இல்லியே மெடம். நீங்க செல்லித்தந்த மாதிரித்தானே இரிக்கன்.”

“ஓம் ரீச்சர், நீங்க சரியாத்தான் இருக்கிறீங்க. முகம்தான்...”

“முகத்தில என்ன? அல்லா தந்த முகம். அத வெச்சிக்கிட்டு நான் என்ன செய்த?”

நியாயமான கேள்வி. அப்போது தண்ணீர்ப் போத்தலோடு சஹ்ரா ஓடிக்கொண்டிருந்தாள். அந்த வகுப்பில் எல்லாவற்றுக்கும் முதல் கை உயர்த்துகிற சின்னப்பெண். ஜெமீலா ரீச்சர் அவளை நிறுத்தினார்.

“சஹ்ரா, சின்ன ரீச்சர் படிப்பிக்கக்குள்ள நான் பின்னுக்கு இரிந்து என்ன செய்றன்?”

“சும்மா இரிக்கீங்க ரீச்சர்.”

“பாத்தீங்களா மெடம்?” என்றார் வெற்றியோடு.

“சரியெண்டா இப்பிடி இரிப்பீங்க,” என்று சஹ்ரா தொடர்ந்தாள். கண்ணை மெதுவாக மூடித் திறந்து, நாடியைத் தாழ்த்தினாள். “பிழையெண்டா இப்பிடி.” உதடு ஒரு பக்கமாகப் போனது. அச்சு அசல் ஜெமீலா ரீச்சர். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஜெமீலா ரீச்சர் சிரிக்கவில்லை. “எல்லாப் புள்ளையளும் பாக்கிறயா?” என்று மட்டும் கேட்டார்.

“ஓம் ரீச்சர். நீங்க செஞ்சாத்தானே சரியா பிழையா எண்டு தெரியும்.”

சஹ்ரா ஓடிவிட்டாள். ஜெமீலா ரீச்சர் மரத்தடிச் சீமெந்துக் கட்டின்மேல் போய் இருந்தார். பிறகு, “அப்ப அந்தப் புள்ளைக்கு நான்தானா இடைஞ்சல்?” என்றார். கண் கலங்கியிருந்தது. “என்ன விட்டிருங்க மெடம். வேற ஆரையும் போடுங்க. நான் வீட்டுல இரிக்கிற நேரத்திலயாவது அவ படிப்பிக்கட்டும்.”

போகவேண்டும் என்று ஒரு பக்கம் டிலானி, விடவேண்டும் என்று இன்னொரு பக்கம் ஜெமீலா ரீச்சர். மதிப்பீட்டுக்கோ நாள் அதிகம் இல்லை. எனக்கு யார்மீது கோபிப்பதென்றே தெரியவில்லை. கைந்நூல் எழுதியவர் எதிரே வந்திருந்தால் நாலு கேட்டிருப்பேன்.

கொப்பிக்குப் பின்னால்

பிறகு நடந்ததெல்லாம் டிலானி தொலைபேசியில் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஜெமீலா ரீச்சர் விலகவில்லை; முதலில் விறாந்தையில் கதிரை போட்டு இருந்து பார்த்தார். தலைகள் யன்னல் பக்கம் திரும்பின. ஆசிரியர் ஓய்வறையில் போய் இருந்தார். யாரோ ஒரு பையன் விடையைச் சொல்லிவிட்டு, “ரீச்சர்ட்டக் கேட்டுக்கிட்டு வாறன்” என்று ஓடினான். பின்வாங்குக்கே திரும்பி வந்து ஒரு கொப்பியை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். இரண்டு நாளில் பிள்ளைகள் அதையும் படித்துவிட்டார்கள். கொப்பி தாழ்ந்தால் சரி, உயர்ந்தால் பிழை.

“நேற்று நானும் கொப்பியத்தான் பாத்தன் மெடம்,” என்றாள் டிலானி. சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

“அவவிட்ட என்ன சொன்னாய்?”

“அவதான் சொன்னா. ‘மகள், நீயும் பாக்கிறாய், எனக்குத் தெரியுது. என்னப் பாத்து என்னத்துக்கு? அந்தா இரிக்கிற புள்ளையளப் பாரு’ எண்டு. அவ சொல்றது சரி மெடம். ஆனா என்ர கண் தானாப் போகுது.”

மதிப்பீட்டு நாள்

அன்றைக்கும் கச்சான் விட்டபாடில்லை. இந்த முறை வேறொரு மதிப்பீட்டாளர், வெள்ளைச் சேட்டோடு வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். நானும் அவரும் வகுப்புக்குள் போனோம். கடைசி வாங்கு காலியாக இருந்தது.

ஜெமீலா ரீச்சர் முதல் வரிசையில் இருந்தார். சஹ்ராவுக்குப் பக்கத்தில், பிள்ளைகளின் சின்ன வாங்கில், முழங்கால் இரண்டும் மேசையில் முட்டிக்கொண்டிருக்க. பிள்ளைகளுக்கு அவருடைய முக்காட்டின் பின்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. முன்னால் ஒரு கொப்பி விரித்திருந்தது, கையில் பென்சில்.

“மெடம், அவங்க ஏன் முன்னுக்கு இருக்கிறாங்க? பின்னுக்கு எண்டுதானே இருக்கு?” என்று மதிப்பீட்டாளர் என் காதில் கேட்டார்.

“பாப்பமே சேர்” என்றேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது. அவர் புருவத்தை உயர்த்திவிட்டுக் கடைசி வாங்கில் அமர்ந்தார். நான் பக்கத்தில் அமர்ந்து, காலை ஆட்டாமல் இருப்பதற்காகப் பாதத்தின்மேல் பாதத்தை வைத்து அழுத்திக்கொண்டேன்.

முதல் விடை வந்ததும் பழக்கதோசத்தில் ஏழெட்டுத் தலைகள் பின்னால் திரும்பின. அங்கே என் முகமும் ஒரு புது சேரின் முகமும். நான் என் முகத்தை மரக்கட்டையாக்கி வைத்திருந்தேன். ஏமாந்த பிள்ளைகள் ஜெமீலா ரீச்சரைத் தேடினார்கள். முக்காடுதான் கிடைத்தது. வேறு வழியில்லாமல் ஒவ்வொருவராக டிலானியைப் பார்த்தார்கள்.

“சரி,” என்றாள் டிலானி.

அந்த ஒரு சொல்லுக்கு நான் எத்தனை நாள் காத்திருந்தேன்!

ஆனால் அடுத்தது இலேசான கணக்கில்லை. நானூற்று இரண்டிலிருந்து நூற்று எழுபத்தெட்டைக் கழிக்கும் கணக்கு. நடுவில் பூச்சியம் வருகிற கணக்கில் பெரியவர்களே தடுமாறுவார்கள். பத்துகளிலிருந்து ஒன்றை எடுத்து ஒன்றுகளுக்குக் கொடுத்த டிலானி, கொடுத்ததை மறந்துவிட்டாள். விடை இருநூற்று முப்பத்துநான்கு என்று எழுதினாள். பக்கத்தில் மதிப்பீட்டாளரின் பேனா அசைந்தது.

சஹ்ரா எழும்பினாள். “ரீச்சர், எனக்கு இருநூற்றி இருபத்திநாலு.”

டிலானி கிறுகிப் பலகையைப் பார்த்தாள். பிறகு அவள் கண் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். முன்வரிசையில் இருக்கும் முகம் இப்போது அவளுக்கு எட்டிப்பிடிக்கிற தூரத்தில் இருந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

ஜெமீலா ரீச்சர் தலையை நன்றாகக் குனிந்து கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். டிலானிக்கும் முக்காடுதான்.

யன்னல் கதவு படாரென்று அடித்தது. எழும்பி ஓடிப்போய் அந்த வெண்கட்டியைப் பறிக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. கிரான் பக்கத்துச் சேரை அன்றைக்குத்தான் முழுதாக விளங்கிக்கொண்டேன்.

டிலானி வெண்கட்டியை மற்றக் கைக்கு மாற்றினாள். பிள்ளைகளைப் பார்த்தாள். உண்மையாகவே பார்த்தாள், ஒவ்வொரு வரிசையாக.

“ஆருக்கெல்லாம் சஹ்ராட விடை வந்தது? கையத் தூக்குங்க.”

கொஞ்சக் கைகள்.

“சஹ்ரா, இஞ்ச வந்து செய்து காட்டுங்க.”

சஹ்ரா செய்தாள். டிலானி பக்கத்தில் நின்று பார்த்தாள். பத்துகளுக்கு வந்ததும், “நில்லுங்க,” என்றாள். “இதிலதான் நான் பிழை விட்டுட்டன். பத்தில ஒண்ட எடுத்துக் குடுத்திட்டு, குடுத்தத மறந்திட்டன். மிச்சம் எத்தினை?”

“ஒம்பது!” என்று வகுப்பே கத்தியது. ஒரு தலையும் பின்னால் திரும்பவில்லை.

சிவப்புப் பேனா

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன், என்னைப் போல் பதற்றக்காரர்கள் படிக்கக்கூடும். மதிப்பீட்டாளர் திருப்தி என்று முடிவு சொல்லிவிட்டுப் போனார். தன் பிழையைப் பிள்ளைகளோடு சேர்ந்து திருத்தியதுதான் அந்தப் பாடத்தின் நல்ல இடம் என்றார். வழிகாட்டி இருந்த இடத்தைப் பற்றி மட்டும், “அது என்ன முறை?” என்று மறுபடியும் கேட்டார். இப்போது செயலமர்வுகளில் எல்லாரும் அதையே கேட்கிறார்கள். பின்னுக்கா மெடம், முன்னுக்கா? எனக்குத் தெரியவில்லை. ஒரு வகுப்புக்கு அது சரிவந்தது. இன்னொரு வகுப்பில் என்ன ஆகுமோ என்ற பதைப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை. அந்த வாய்ப்பாட்டை மட்டும் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டேன்.

ஆனால் நான் சொல்லவந்தது அதுவல்ல.

பாடத்தின் கடைசியில் டிலானி பலகையில் இன்னொரு கணக்கை எழுதினாள். ஐந்நூற்று மூன்றிலிருந்து இருநூற்று அறுபத்தேழைக் கழிக்கவேண்டும். எல்லாரும் தனியே செய்தார்கள். ஜெமீலா ரீச்சரும் செய்தார். டிலானி சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு பின்வரிசையிலிருந்து வாங்கு வாங்காகத் திருத்திக்கொண்டு போனாள். முதல் வரிசைக்கு வந்தாள். சஹ்ராவின் கொப்பியில் சரி போட்டாள்.

அடுத்தது ஜெமீலா ரீச்சர். டிலானி தயங்கினாள். தாண்டிப் போய்விடப் பார்த்தாள் என்றே நினைக்கிறேன். ஜெமீலா ரீச்சர், மற்றப் பிள்ளைகள் செய்வதைப் போலவே, கொப்பியை அவள் பக்கம் தள்ளிவைத்தார்.

டிலானி பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பின்வரிசைப் பிள்ளைகள் வாங்கிலிருந்து பாதி எழும்பிவிட்டார்கள். நானும் எழும்பிவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த வகுப்பில் இருந்த அத்தனை கண்களும் டிலானியின் முகத்தில் இருந்தன. சரியா பிழையா என்று அவள் முகம்தான் சொல்லவேண்டும்.

பேனா குறுக்கே ஒரு கோடு கிழித்தது.

“பத்த எடுத்துக் குடுத்தத மறந்திட்டீங்க,” என்றாள் டிலானி. மெல்லிய குரல்தான். ஆனால் கடைசி வாங்கு வரைக்கும் கேட்டது. “திருத்தம் செய்ங்க.”

அது வேண்டுமென்று விட்ட பிழையா, அவளை நினைத்துத் தவித்த தவிப்பில் வந்த பிழையா, இன்றுவரை நான் கேட்கவில்லை.

ஜெமீலா ரீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் நோவோடு, பிள்ளைகள் பதில் சொல்லும்போது எழும்பி நிற்பதைப் போலவே எழும்பி நின்றார். அத்தனை நாளும் “மகள்” என்று மட்டுமே கூப்பிட்டவர், முழு வகுப்புக்கும் கேட்கும்படி சொன்னார்.

“ஓம், ரீச்சர்.”